இரண்டு மஞ்சாடிக் கடன்

சென்ற ஆண்டின் இறுதியில், கல்முனைக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றில் நடைபெற்ற செயலமர்வுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். சிறுவர்களுக்குப் பணத்தைப் பற்றி விளையாட்டின் மூலம் கற்பிப்பது அதன் நோக்கம். பத்திரிகைக்காரன் வந்தால் ஒரு மூலையில் கதிரை போட்டு, குளிர்பானம் ஒன்றையும் கையில் கொடுத்து உட்கார வைத்துவிடுவது நமது மரபு. நானும் உட்கார்ந்தேன்.

மேசைக்கு ஆறு பிள்ளைகள். நடுவே வண்ணப் பலகை. கட்டுக் கட்டாகப் பொய்க்காசு, இரண்டு தாயக்கட்டைகள். காணி வாங்கலாம், வீடு கட்டலாம், வந்து தங்குகிறவரிடம் வாடகை அறவிடலாம். பிள்ளைகள் உற்சாகமாகவே விளையாடினார்கள். எனக்கு அருகிலிருந்த மேசையில் பதினொரு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி அரை மணித்தியாலத்திற்குள் கையிலிருந்த அத்தனையையும் இழந்துவிட்டாள். வளவாளராக வந்திருந்த இளைஞர் சிரித்த முகத்தோடு, "நீங்க அவுட் மகள், கொஞ்சம் தள்ளி இருங்க" என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. "அப்ப இனி நான் என்ன செய்யிற சேர்?" என்று கேட்டாள். "மத்தவங்க விளையாடுறதப் பாருங்க."

மீதி ஒன்றரை மணித்தியாலமும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த இளைஞரில் பிழை இல்லை. ஆட்டத்தின் விதி அப்படி. ஆனால் அவளுடைய கேள்வி என்னோடு வீடுவரை வந்தது. இழந்தவர் இனி என்ன செய்வது என்பதற்கு ஓர் ஆட்டத்தில் இடமில்லையென்றால், அது பணத்தைப் பற்றி எதைக் கற்பிக்கிறது?

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்காக என் வீடு எங்கே என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்முனையிலிருந்து கடலுக்கு முதுகு காட்டி மேற்கே வந்தால் கிட்டங்கித் தாம்போதி குறுக்கிடும். மாரி காலத்தில் அதன் மேலாக வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நின்றுபோகும். அதற்கப்பால் சவளக்கடை. நாவிதன்வெளிப் பிரதேசத்தைச் சேர்ந்தது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் வயற்புறம். இன்னும் மேற்கே சென்றால் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றக் கிராமங்கள். எங்கும் வயல்தான். ஆகவே எங்கள் ஊரில் பணம் என்றால் முதலில் நெல், பிறகுதான் தாள்.

எனக்குப் பணத்தைக் கற்பித்தவர் என் உம்மம்மா. கற்பித்த கருவி ஒரு பல்லாங்குழிக் கட்டை. நீளமான ஒற்றை மரத்தில் ஏழேழாக இரண்டு வரிசைக் குழிகள். குழிக்கு ஐந்து காய். மொத்தம் எழுபது. ஒரு குழியை அள்ளி, வரிசையாகக் குழிக்கு ஒன்றாகப் போட்டுச் செல்ல வேண்டும். கைக்காய் முடிந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாயின் அதற்கு அப்பால் உள்ள குழியின் செல்வம் ஆடியவருக்கு. எந்தக் குழியிலேனும் நான்கு சேர்ந்தால் அது 'பசு', குழிக்குரியவர் எடுத்துக்கொள்வார். ஊருக்கு ஊர் விதி மாறும். நான் சொல்வது எங்கள் வீட்டுத் திண்ணையின் விதி.

இதுவரை சொன்னதில் வியப்பு ஏதுமில்லை. முதல் ஆட்டம் முடிந்த பிறகுதான் விடயம் இருக்கிறது. இருவரும் தாம் வென்ற காய்களைக் கொண்டு தத்தம் குழிகளை மீண்டும் ஐந்தைந்தாக நிரப்ப வேண்டும். ஒருவரிடம் 47, மற்றவரிடம் 23 என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தேழுக்காரர் ஏழு குழியையும் நிரப்பி, பன்னிரண்டைக் கையிருப்பாக வைத்துக்கொள்வார். இருபத்துமூன்றுக்காரரால் நான்கு குழிதான் நிரப்ப முடியும். மீதி மூன்று கையில். நிரப்ப முடியாத மூன்று குழிகளையும் ஒரு ஈர்க்கிலைக் குறுக்கே வைத்து அடைத்துவிட வேண்டும். அடுத்த ஆட்டத்தில் அக்குழிகள் இல்லை. சமமாகத் தொடங்கியவர்கள் இரண்டாம் ஆட்டத்தில் சமமானவர்கள் அல்லர். ஏழு குழிக்காரருக்கு நகர்த்த ஏழு வழி. நான்கு குழிக்காரருக்கு நான்கு வழி. உள்ளவரிடம் மேலும் சேரும், இல்லாதவரிடம் மேலும் குறையும் என்பதை எந்தப் பொருளியல் ஆசிரியரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தந்ததில்லை. பல்கலைக்கழகத்தில் நான் கலைத்துறையில் படித்தவன். பொருளியலும் ஒரு பாடமாக இருந்தது. அங்கே வரைபடங்களில் கண்டதை எட்டு வயதிலேயே ஈர்க்கில் வைத்து அடைத்திருந்தேன்.

தமிழ்நாட்டின் பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் 'அறியப்படாத தமிழகம்' நூலில் பல்லாங்குழியைத் தனிச்சொத்துணர்வின் தோற்றத்தோடு தொடர்புபடுத்தி எழுதியிருக்கிறார். 2020இல் மறைந்த அவர், வீட்டுப் புழக்கத்தில் கிடக்கும் பொருள்களிலிருந்து வரலாற்றை எடுத்துக் காட்டுவதில் வல்லவர். அக்கட்டுரையை முதன்முதலாக வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வு, நம் வீட்டுக் கட்டையை யாரோ பார்த்துவிட்டார்களே என்பதுதான். அவருக்குப் பல தசாப்தங்கள் முன்னரே, இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேயர், 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலில் இந்நாட்டின் குழி விளையாட்டுகளைக் குறித்து வைத்தார். குளங்களையும் மதகுகளையும் அளக்க வந்தவர் திண்ணை விளையாட்டுகளையும் விடவில்லை. சிங்கள மக்களிடையே இதன் உறவான ஆட்டம் 'ஒலிந்த கெளிய'. ஒலிந்த என்பது குன்றிமணி. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் பெண்கள் ஆடுவது. அரபு உலகில் இவ்வகை ஆட்டத்திற்கு மன்கலா என்று பெயர். நகர்த்துதல், இடம் மாற்றுதல் என்ற பொருள் தரும் 'நகல' என்னும் வினையிலிருந்து பிறந்த சொல். நாம் ஒரு கடதாசியின் 'நகல்' என்கிறோமே, அதே வேர்தான்.

எங்கள் வீட்டுக் காய்கள் மஞ்சாடி விதைகள். செக்கச் சிவந்தவை, எண்ணெய் பூசியது போன்ற மினுக்கம் உள்ளவை. குறைந்தால் குன்றிமணியும் சோகியும் புளியங்கொட்டையும் கலந்துவிடும். இந்தக் காய்களைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் புளியங்கொட்டையை விட்டுவிட்டால் மற்ற மூன்றும் ஒருகாலத்தில் உண்மையான பண உலகைச் சேர்ந்தவை.

மஞ்சாடி பொன் நிறுத்த விதை. ஒன்று ஏறத்தாழக் கால் கிராம். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. எட்டு நெல் ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. இலங்கை நாணயங்களைப் பற்றி எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924இல் எழுதிய நூலில் இவ்வளவை முறையைக் காணலாம். இத்தீவின் பழைய பொற்காசுகளின் நிறை கழஞ்சை அடியொற்றியது. அதாவது நெல்மணியில் தொடங்கி மஞ்சாடி வழியாகப் பொற்காசுக்கு ஏறும் ஒரு படிக்கட்டு இருந்தது. தட்டாரின் தராசுத் தட்டில் கிடந்த அதே விதைதான் எங்கள் திண்ணைக் குழியிலும் கிடந்தது.

சோகியின் கதை இன்னும் பெரிது. மாலைதீவுக் கடலில் அள்ளப்பட்ட சோகி, வங்காளத்திற்கு அரிசிக்கு மாற்றாகக் கப்பலேறியது. பதினான்காம் நூற்றாண்டில் மாலைதீவில் காதியாராக இருந்தவரும் 1344இல் இலங்கைக்கு வந்து பாவாத மலை ஏறியவருமான இப்னு பதூதா, அங்கே ஒரு பொன் தீனாருக்கு நாலு இலட்சம் சோகி விற்றதாகக் குறிப்பிடுகிறார். அதே மனிதர் பின்னாளில் மேற்கு ஆபிரிக்காவின் காவோ நகரத்தில் ஒரு தீனாருக்கு 1,150 சோகி என்ற விலையைக் கண்டார். கடலோரத்தில் கூடை கூடையாகக் குவிந்து கிடக்கும் பொருள், பாலைவனம் தாண்டியதும் செல்வமாகிறது. ஒன்றின் பெறுமதி அதனுள்ளே இல்லை, அது எங்கே எவ்வளவு கிடைக்கிறது என்பதில் இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

நாங்கள் பணத்தைச் 'சல்லி' என்கிறோம். "கையில சல்லி இல்ல" என்று சொல்லாத முஸ்லிம் வீடு இக்கரையோரத்தில் இராது. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி வெளியிட்ட சிறு செப்புக்காசுக்கு இலங்கையில் வழங்கிய பெயர் அது. ஒல்லாந்தர் போனார்கள், அவர்கள் காலத்து இறைசாலும் போனது, 1872 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து ரூபாவும் சதமும் கணக்காயின. சல்லி மட்டும் எங்கள் வாயை விட்டுப் போகவில்லை. மிகச் சிறிய காசின் பெயரே மொத்தப் பணத்துக்கும் பெயராக நிலைத்தது.

இந்த ஆட்டத்தைப் பெண்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள், கிழக்குக் கரையோரத்தின் சொத்துமுறையை மறந்துவிடுகிறார்கள். இங்கே வீடு பெண்ணுக்குரியது. மகள் திருமணமாகும்போது வீடும் வளவும், வசதியிருந்தால் வயலும், அவளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். குடி என்னும் வம்ச வழியும் தாய்வழியே. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான இவ்வழக்கத்தை அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் தங்கி ஆராய்ந்து, 2008இல் விரிவான நூலாக வெளியிட்டார். அவர் கட்டுரைகளைப் படித்த பின்னர்தான், உம்மம்மா ஏன் என் ராத்தாமாரை மட்டும் கட்டைக்கு எதிரே இருத்தி, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார் என்பது விளங்கியது. சொத்து அவர்களுடையது. அதைக் காக்கவும் இழக்கவும் போகிறவர்கள் அவர்கள்தான்.

என் வேலை வேறு. நான் சாட்சி.

உம்மம்மாவின் ஆட்டத்தில் ஒரு விதி இருந்தது. தோற்றவர் கையில் மூன்று காய் மிஞ்சியிருந்தால், வென்றவரிடம் இரண்டு கடன் கேட்டு ஐந்தாம் குழியைத் திறக்கலாம். வென்றவர் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் கொடுக்காதவரை உம்மம்மா பார்க்கும் பார்வைக்கு அஞ்சி எல்லாரும் கொடுத்தார்கள். கொடுக்கும்போது மூன்றாம் ஆள் ஒருவர் கேட்கும்படி எண்ணிச் சொல்ல வேண்டும்: "ரெண்டு மஞ்சாடி, அடுத்த ஆட்டத்துக்குள்ள." கூட ஒன்று கேட்கக் கூடாது. கேட்டால் ஆட்டம் கலைந்தது. ஆட்ட முடிவில் ராத்தாமார் சண்டை பிடித்தால் என்னைத்தான் கூப்பிடுவார். "நீ சொல்லு மகன், எத்தின குடுத்த?" எட்டு வயதில் எனக்குக் கிடைத்த அந்தப் பதவியின் பெருமை, பின்னாளில் பத்திரிகையில் என் பெயர் முதன்முதலாக அச்சானபோதுகூட அவ்வளவாக இருக்கவில்லை.

தமிழ்நாட்டிலும் சில ஊர்களில், ஒரு குழி நிரப்பக்கூடக் காயில்லாமல் போனவர் குழிக்கு ஒன்றாக இட்டு ஆடும் முறை உண்டு. அதற்குக் 'கஞ்சி காய்ச்சுதல்' என்று பெயர். பெயரே வறுமையைச் சொல்கிறது. ஆனால் ஆட்டத்தை விட்டு எழும்பச் சொல்லவில்லை.

உம்மம்மாவுக்கு எழுத்து வாசனை குர்ஆன் ஓதும் அளவில்தான். அவர் விதித்த விதிகள் எங்கிருந்து வந்தன என்பது எனக்கு வெகு காலத்திற்குப் பின்னரே தெரிந்தது. அல்குர்ஆனின் மிக நீளமான வசனம், இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம். சுவர்க்கத்தைப் பற்றியதோ நரகத்தைப் பற்றியதோ அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வது, சாட்சி வைப்பது பற்றியது. அதற்குச் சற்று முன்னே, 280ஆம் வசனம், கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்கிறது. பந்தயம் வைத்து ஆடுவது விலக்கப்பட்டது என்பதால் எங்கள் வீட்டில் காய்க்குக் காசு வைப்பதில்லை. தாயக்கட்டை உருட்டுவதையே உம்மம்மா விரும்பமாட்டார். கட்டை விழுந்தபடி பணம் வரும் என்று பிள்ளை நம்பிவிடும் என்பது அவர் பயம்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளியை மட்டக்களப்பிலிருந்து கல்முனைக் கரைவரை வயது வந்த எவரும் மறந்திருக்கமாட்டார். தென்னைகள் வரிசை வரிசையாகப் படுத்திருந்தன. பாடசாலை பல நாள் இல்லை. கூரையின் ஒரு பாதி போய்விட்ட வீட்டில், எஞ்சிய பாதியின் கீழ் நாங்கள் பகலெல்லாம் குழி ஆடினோம். வாப்பா குத்தகைக்கு வயல் செய்தவர். பெரும்போக விதைப்புக்காக வியாபாரி ஒருவரிடம், அறுவடையில் நெல்லாகத் தருவதாக முன்பணம் வாங்கியிருந்தார். இப்போது வெள்ளம் நின்ற வயலைப் பார்க்கவும் அவர் போகவில்லை. சில கிழமை கழித்து அந்த வியாபாரி கொப்பியோடு வந்தார். அவர் பெயரைச் சொல்வது முறையல்ல. நல்ல மனிதர்தான், அவருக்கும் கடன் இருந்தது. வாப்பா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். உம்மம்மா உள்ளிருந்து, கதவுக்குப் பின்னால் நின்றபடி பேசினார். ஒரு போகம் தள்ளிக் கொடுங்கள், கொப்பியில் எழுதியதற்கு மேல் ஏற்றாதீர்கள், பக்கத்து வீட்டு மாமாவைச் சாட்சியாக வைக்கிறோம் என்றார். வியாபாரி வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கொப்பியை மூடினார்.

நான் திண்ணையில் இருந்தேன். இரண்டு மஞ்சாடிக் கடன்தான் இது, கொஞ்சம் பெரிய கட்டையில் நடக்கிறது என்று விளங்கியது.

செயலமர்வில் கண்ட பலகைக்குத் திரும்புகிறேன். அது மொனொப்பொலியின் பேரப்பிள்ளைகளில் ஒன்று. அந்த ஆட்டத்தின் வரலாறு சுவையானது. அமெரிக்காவில் லிஸி மேகி என்ற சுருக்கெழுத்தாளர் பெண்மணி 1904இல் 'நிலவுடைமையாளரின் ஆட்டம்' என்ற பெயரில் ஒரு பலகை ஆட்டத்திற்குக் காப்புரிமை பெற்றார். நிலத்தின் பெறுமதி மீது மட்டும் வரி விதிக்க வேண்டும் என்று வாதாடிய ஹென்றி ஜோர்ஜின் கொள்கையில் அவருக்கு ஈடுபாடு. காணி வைத்திருப்பவர் உட்கார்ந்த இடத்திலேயே எப்படிப் பணக்காரர் ஆகிறார், மற்றவர்கள் எப்படி வறியவர்கள் ஆகிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அதன் அநியாயத்தை அவர்களே உணரச் செய்வது நோக்கம். ஆகவே இரண்டு வகை விதிகளை எழுதினார். ஒன்றில் ஒருவர் அனைத்தையும் விழுங்குவார். மற்றதில் காணி வாடகை பொதுக் கருவூலத்துக்குப் போய் எல்லாருக்கும் பயன்படும். இரண்டையும் ஆடிப் பார்த்து ஒப்பிட வேண்டும்.

நடந்ததோ வேறு. ஆட்டம் கைமாறிக் கைமாறி, சார்ள்ஸ் டாரோ என்பவர் பெயரில் 1935இல் பார்க்கர் சகோதரர்கள் நிறுவனத்தால் மொனொப்பொலி என்று சந்தைக்கு வந்தது. (நமது ஹென்றி பார்க்கருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை.) மேகியின் காப்புரிமை 500 டொலருக்கு வாங்கப்பட்டது. டாரோ கோடீஸ்வரர் ஆனார். இரண்டாவது விதித்தொகுதி உதிர்ந்துபோய், விழுங்கும் விதி மட்டும் உலகெங்கும் பரவியது. எச்சரிக்கைக்காகச் செய்யப்பட்ட ஆட்டம் பயிற்சியாக மாறிவிட்டது. 'நீங்க அவுட்' என்று அந்தச் சிறுமிக்குச் சொன்னது லிஸி மேகி அல்ல. மேகியிடமிருந்து பாதியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்.

சேமிப்பைக் கற்பிப்பதில் நமது நாடு பின்தங்கியது என்று சொல்ல முடியாது. இலங்கைச் சேமிப்பு வங்கி 1832இலும் தபாலகச் சேமிப்பு வங்கி 1885இலும் தோன்றின. 1972இல் இரண்டும் தேசிய சேமிப்பு வங்கியுள் அடங்கின. என் தலைமுறைப் பிள்ளைகள் பெருநாள் காசைத் தகர உண்டியலில் போட்டு, குலுக்கிப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம். உண்டியல் நல்லதுதான். ஆயினும் அது காசு உள்ளபோது செய்ய வேண்டியதை மட்டுமே சொல்லித் தரும். இல்லாதபோது என்ன செய்வது, யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, எவ்வளவு கேட்டால் திருப்ப முடியும் என்பவற்றை உண்டியல் சொல்லாது. அதிலும் பணமே தேய்ந்துபோகும் என்பதை அது சொன்னதில்லை. 2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. உண்டியலை உடைத்த பிள்ளைகள் எண்ணிய காசுக்கு, போட்டபோது வாங்கியிருக்கக்கூடியதில் பாதிகூட வரவில்லை.

கடன் கேட்கத் தெரியாமையின் விலையை நான் என் தொழிலில் பார்த்திருக்கிறேன். போர் முடிந்த பிறகு வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் வீடு வீடாக வந்தன. பெண்களைக் குழுவாக்கிக் கடன் கொடுத்தார்கள். கிழமைக்குக் கிழமை அறவிட வந்தார்கள். செய்தி சேகரிக்கச் சென்றபோது கொப்பிகளை வாங்கிப் பார்த்தேன். கிழமைத் தவணை எவ்வளவு என்பது எல்லாருக்கும் மனப்பாடம். மொத்தம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது பலருக்குத் தெரியவில்லை. முதல் கடனின் தவணைக்கு இரண்டாவது இடத்தில் கடன், அதற்கு மூன்றாவது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அளிப்பதாக அரசே அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. அவர்களில் என் வயதையொத்த ஒரு பெண்ணிடம், சிறு வயதில் குழி ஆடியிருக்கிறீர்களா என்று கேட்டேன். ஆடியிருக்கிறார். "அதுல குடுக்கிறவ முன்னால இருப்பா. முகம் தெரியும். இதுல வாறவனுக்கும் முகமில்ல, அனுப்புறவனுக்கும் முகமில்ல" என்றார். பல்லாங்குழி தெரிந்திருந்தால் இப்பெண்கள் தப்பியிருப்பார்கள் என்று சொல்லும் அளவுக்கு நான் பேதையல்லன். அவர்கள் கேட்டது பிள்ளைகளின் சோற்றுக்கு.

எங்கள் கட்டை இப்போது இல்லை. உம்மம்மாவுக்குப் பிறகு அது மூத்த ராத்தாவிடம் போயிற்று. ராத்தாவின் வீடு கடற்கரையோரம். 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பின் அங்கே அத்திவாரத்தைத் தவிர எதுவும் எஞ்சவில்லை. ராத்தாவும் பிள்ளைகளும் உயிரோடு சவளக்கடைக்கு வந்து சேர்ந்ததால், கட்டையைப் பற்றிக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் பாவமாயிருக்கும்.

செயலமர்வு முடிந்து இரண்டு கிழமைகளின் பின், தச்சரொருவரிடம் சொல்லிப் பூவரசம் பலகையில் பதினான்கு குழி வெட்டுவித்தேன். மஞ்சாடிக்குத்தான் அலைந்தேன். ஊரில் நின்ற மரங்கள் இல்லை. கடைசியில் நண்பரொருவர் அன்னமலைப் பக்கத்திலிருந்து ஒரு போத்தல் நிறையக் கொண்டுவந்தார். அதிபரிடம் அனுமதி பெற்று, இடைவேளையில் அந்தச் சிறுமியையும் அவளுடைய சிநேகிதியையும் எதிரெதிரே இருத்தினேன். விதியைச் சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நாம்தான் மெதுவாகச் சொல்கிறோம்.

முதல் ஆட்டத்திலேயே அவள் படுதோல்வி. இரண்டாவதன் முடிவில் கையில் 13. இரண்டு குழி நிரப்பினாள். ஐந்து குழிகளுக்கு ஈர்க்கில் வைத்தேன். மிஞ்சிய மூன்று விதைகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இப்ப நான் அவுட்டா சேர்?"

இல்லை, இரண்டு கடன் கேட்கலாம் என்றேன். என்னிடம் அல்ல, எதிரே இருப்பவளிடம். சாட்சிக்கு ஒருவர் வேண்டும் என்றும் சொன்னேன். அவள் சுற்றிலும் பார்த்தாள். யன்னலருகே, கையில் பாதி தின்ற பனிசோடு இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "டேய், இஞ்ச வா, நீ கேட்டுக்க" என்று அவனைக் கூப்பிட்டாள்.

சிநேகிதி இரண்டை எண்ணிக் கொடுத்தாள். பையன் பனிசை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ரெண்டு" என்றான்.

ஆட்டம் முடியுமுன் மணி அடித்துவிட்டது. பலகையை அங்கேயே விட்டு வந்தேன். போன கிழமை அந்த வழியாகச் சென்றபோது பையன் வாசலில் நின்றான். என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓடிவந்தான். கடன் இன்னும் திரும்பவில்லையாம்.